முகப்புப் பக்கத்தில் இருந்த கை

பட்டுக்கடைகளின் இணையதளங்களையும் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். எழுத்து சிறியதாக அச்சாகியிருந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள். பெரிதாகப் போடச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

இணைப்பது எப்படி என்று என்னிடம் கேட்க வேண்டாம். அது அரை நாள் வேலை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கணக்கிலும் கடையின் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும், முகவரி ஒரே மாதிரி இருக்க வேண்டும், பொத்தானை அழுத்தினால் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லாப் பொத்தான்களையும் நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நான் அழுத்துவேன். முதலாளி சிரிப்பார். அவர் மிக அதிகமாகச் சிரித்த வாரத்தில்தான் எங்கள் ஃபேஸ்புக் பொத்தான் எந்த ஊரிலோ இருக்கும் ஒரு பரோட்டாக் கடையின் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தது.

நான் சொல்ல வந்தது இணைத்த பிறகு நடந்த ஒரு விஷயத்தை.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் மேலாளராக இருந்தேன். பி.காம். படித்தவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. அலமாரியில் புடவைகள், உள்ளே வந்தவர்கள், வந்தவர்களில் பையோடு திரும்பியவர்கள், மின்விசிறிகள், அவற்றில் சத்தம் போடுபவை. கடைக்கு இணையதளம் போட்டபோது முதலாளி அதை என் தலையில் கட்டியதும் இதனால்தான்.

"நீங்கதான் சார் எப்பவும் எதையாவது எண்ணிக்கினே இருக்கீங்க. இதுல எத்தினி பேர் வர்றாங்கன்னு அதுவே எண்ணிக் காட்டுதாம். உங்களுக்கு ஒரு துணை ஆச்சு."

துணை ஆகவில்லை, கவலைதான் ஆயிற்று. முதல் மாதங்களில் இணையதளத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் பாதி நான். மீதியில் முதலாளியின் மைத்துனர் ஒருவர்.

அதே சமயம் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவே ஓடியது. காரணம் கோமதி. கீழ்த்தளத்தில் கல்யாணப் புடவைப் பிரிவில், வெள்ளை விரித்த மெத்தைமேல் உட்கார்ந்து பல வருடங்களாகப் புடவை காட்டியவர். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார், மகள் கல்லூரியில் படித்தாள். கோமதி புடவை காட்டும்போது மேலிருந்து கைபேசியில் படம் பிடிப்பார்கள். அவருடைய இரண்டு கைகளும் பச்சைக் கண்ணாடி வளையல்களும் மட்டும் தெரியும். முகத்தைக் காட்டச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"வேணாம் சார். என் மூஞ்சியப் பாத்துட்டுப் புடவையப் பாக்க மறந்துட்டாங்கன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்."

ஆனால் பேச்சு அவருடையதுதான். "இதோ பாருங்கம்மா, அரக்கு உடம்பு, பச்சைக் கரை. கரைய தனியா நெய்து உடம்போட கோத்திருக்குது. பின்னாடியும் திருப்பிப் பாருங்க. முன்னாடி மட்டும் அழகா இருக்கறதுக்கு இது என்னா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா?"

எங்கள் ஊரில் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் சிலர் புடவையைக் கேட்பதற்கு முன் ஆளைக் கேட்பார்கள். அக்கா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தவர் கையாலேயே தங்கைக்கும் எடுக்க வேண்டும், அது கைராசி என்பார்கள். அந்த ஆள் வேறு கடைக்கு மாறினால் குடும்பமே வேறு கடைக்குப் போய்விடும். கடையில் இருந்த இந்த வழக்கம் கைபேசிக்குள்ளும் போகும் என்று நான் எண்ணவில்லை. போயிற்று. இணையதளத்தையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் இணைத்து, அங்கே போடும் வீடியோக்கள் தாமாகவே இணையதளத்தின் முகப்பில் வரும்படி செய்தோம். ஒவ்வொரு புடவைக்குக் கீழேயும் வாட்ஸ்அப் பொத்தான் வைத்தோம். எங்கெங்கோ இருந்து செய்திகள் வந்தன. "அந்த அக்கா கையால் எடுத்து வைத்து அனுப்புங்கள்." ஊர் பெயர்கள் வேறு வேறு, வாசகம் கிட்டத்தட்ட இதுதான்.

அப்படி ஒரு வருடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு விடியற்காலையில் கோமதியின் கணவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் கடைக்குத் திரும்பி வந்த அன்று முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கோமதிய மேல காட்டன் செக்‌ஷனுக்கு அனுப்பிடலாம்."

"ஏன் முதலாளி?"

"ஏன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது? கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க யாராவது ஒருத்தர் மூஞ்சி சுளிச்சா அதுக்குத்தான கஷ்டம்? சம்பளம் அதே சம்பளம். நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல சார்."

கெட்டவர் இல்லைதான். சுடுகாட்டில் கடைசிவரை நின்றவர் அவர். கோமதி ஒன்றும் கேட்காமல் டிபன் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மாடியில் பருத்திப் புடவை, நைட்டி, உள்பாவாடை. அவர் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர்.

கீழே வேறொரு பெண்ணை உட்கார வைத்து வீடியோ எடுத்தோம். நல்ல பெண். ஆனால் பக்கத்தில் எழுதினவர்கள் புடவையைப் பற்றி எழுதவில்லை. "அந்த அக்கா லீவா?" "கை மாறிவிட்டதே." பத்துக் கருத்துகளில் ஏழு இப்படித்தான், எண்ணினேன். இணையதளத்தின் முகப்பில் மேலே புதுப் பெண்ணின் கை, அதன் கீழே கோமதியின் பழைய கை. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி இணைத்து வைத்ததே நாங்கள்தான்.

என்ன பதில் எழுதுவது? உங்களுக்கும் இது வரும். கடையில் ஒருவர் ஓடிப்போயிருப்பார், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும், பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பொய் எழுதாதீர்கள். அதற்காக அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை அவரைக் கேட்காமல் எழுதிவிடவும் செய்யாதீர்கள். "அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்" என்று எழுதினேன். உண்மை. ஆனால் அந்த உண்மை எத்தனை நாள் தாங்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

திருப்பூரிலிருந்து ஒரு அம்மாவின் செய்தி வரும்வரை தாங்கியது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பழைய வீடியோ ஒன்றில் பார்த்த மாம்பழ நிறப் புடவையை முகூர்த்தத்துக்குக் கேட்டிருந்தார். மற்ற புடவைகளும் எங்களிடமேதான் என்று சொல்லியிருந்தார். எல்லாம் பேசி முடிந்து, அனுப்ப வேண்டிய நாள் காலையில் ஒரு குரல் பதிவு வந்தது.

"ஏனுங்க, வீடியோவுல வர்ற அந்த அக்கா கையாலயே சீலைய மொதல்ல விரிச்சு, மஞ்சக் குங்குமம் வெச்சு, மடிச்சு அனுப்போணும். அதைய அப்படியே வீடியோ எடுத்துப் போடுங்க. வேற கை வேண்டாமுங்க."

முதலாளி அதை இரண்டு முறை கேட்டார். அவருக்கு வழி உடனே கிடைத்துவிட்டது.

"கீழ இருக்கற பொண்ணுக்குப் பச்சை வளையல் ஒரு டஜன் வாங்கிக் குடுங்க சார். கைதான தெரியப் போவுது? பேச்சு பழைய வீடியோல இருந்து எடுத்து ஒட்டிடலாம். நம்ம வெப்சைட்டு பண்ண பசங்க அஞ்சு நிமிஷத்துல பண்ணித் தருவாங்க. சாயங்காலம் கூரியர் வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க."

முடியும். அதுதான் இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய விஷயம். ஒருவர் கையையும் ஒருவர் குரலையும் சேர்ப்பது உண்மையிலேயே ஐந்து நிமிட வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. கல்யாணமும் நன்றாகவே நடந்திருக்கும். மறுத்தால் ஆர்டர் போய்விடும், அந்த அம்மா ஏன் என்று பக்கத்தில் கேட்பார், ஆவணிக் கல்யாணங்களுக்கு எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் எங்கள் முகப்பில் அந்தக் கேள்வி நிற்கும்.

"முதலாளி, கோமதிய ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"அதுகிட்ட எதுக்கு சார்?"

"அதோட குரல்தான ஒட்டப் போறோம்?"

நான் மாடி ஏறினேன். கோமதி உள்பாவாடைகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா சார், மேல வந்திருக்கீங்க? படி எத்தினின்னு எண்ணிட்டீங்களா?"

"எண்ணாம வருவேனா?" என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். வளையலையும் ஒட்டப்போகும் குரலையும் சேர்த்தே சொன்னேன்.

முதலில் சிரித்தார். "கை ஒருத்தி, வாய் ஒருத்தியா? என் கைராசி வேணும், நான் வேணாம். நல்லா இருக்குது சார் உங்க லிங்கு."

"நீ வேணாம்னு சொன்னா முடியாதுன்னு அந்தம்மாவுக்கு எழுதிடறேன். காரணம் எழுத மாட்டேன்."

"எழுதிட்டு? முதலாளிகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

"நான் ரிட்டையர் ஆவப்போறவன். என்னை என்னா பண்ணிடுவார்?"

"எனக்கு இன்னும் இருவது வருஷம் வேலை செய்யணும் சார்" என்றார். சிரிப்பு போய்விட்டது. "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில கூப்பிடறாங்க. பஸ்ஸு வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவுதாம். அங்க போய் நின்னுக்கினு ஸ்க்ரூ முடுக்கலாம். அங்க எவனும் கைராசி கேக்க மாட்டான். ஆனா எனக்குத் தெரிஞ்சது புடவை. அந்த மெத்தையில உக்காந்தாதான் எனக்கு வாயே வருது. இங்க நைட்டிக்கு என்னா பேசறது?"

அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தார்.

"போன குடுங்க சார். நானே பேசறேன். இருக்கறத சொல்லிடறேன். வேணாம்னா அந்தம்மா வாயால சொல்லட்டும். நான் காரியம் முடிச்சு வந்ததுலருந்து ஒரு கஸ்டமர்கூட என்னைப் பாத்து வேணாம்னு சொல்லல. சொன்னதெல்லாம் நம்ம ஆளுங்கதான். கஸ்டமர் என்னா சொல்லுவாங்கன்னு நீங்களே கண்டுபுடிச்சு வெச்சிருக்கீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத ஒத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் இப்படி நினைப்பார், அப்படி நினைப்பார் என்று நாம் கூடிப் பேசுகிறோம், அட்டவணை போடுகிறோம். பக்கத்தை இணைத்ததே அவர்களைக் கேட்கத்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகிறது.

புடவைகளைப் பெட்டியில் கட்டும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, அந்த அக்காவுங்களா?" என்றார் திருப்பூர் அம்மா. "உங்க கொரலு வீடியோவுல கேட்ட மாதிரியே இருக்குதுங்க!"

"அதே வாய்தாம்மா. கோமதின்னு பேரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க பாத்தது பழைய வீடியோ. அதுல வளையல் போட்டுக்கினு இருப்பேன். இப்ப எங்க வூட்டுக்காரர் இல்ல. தவறிட்டாரு. கைராசின்னு கேட்டீங்களாம். அதை மறைச்சிட்டு எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல. வேற பொண்ணு ஒண்ணு இருக்குது, நல்ல பொண்ணு. அது கையால வெச்சு அனுப்பச் சொல்லட்டுமா?"

இணைப்பு அறுந்துவிட்டதா என்று கைபேசியைப் பார்த்தேன். திரையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா" என்று குரல் வந்தது. முன்பு இருந்த குரல் இல்லை. "எனக்கும் இல்லீங்க. எம்புள்ள சின்னதா இருக்கறப்பவே போயிட்டாரு. கல்யாணச் சீலை எடுக்க என்னைய வர வேண்டாம்னுட்டாங்க. நாத்தனாரு போயி எடுக்கறேன்னாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. அதுக்குத்தான் போனுல பார்த்து நானே எடுத்தேன். என் கையும் படாம, நல்ல கை ஒண்ணு பட்டு நேரா மகராசியா ஊட்டுக்கு வந்து சேரட்டும்னுதான் உங்க கையைக் கேட்டேனுங்க."

கோமதி, மெத்தையில் உட்கார்ந்து விலை பேசுகிறவர்களை மடக்கும் அதே குரலில் பேசினார்.

"உங்க பொண்ணுக்குத் தலை வாரி வுட்டது யாரும்மா?"

"நான்தானுங்க."

"சோறு போட்டது?"

"நான்தானுங்க. பனியன் கம்பெனில தைக்கறேன்."

"அப்ப என் கைய எதுக்கும்மா கேக்கறீங்க? பொண்ணக் கூட்டிக்கினு கிளம்பி வாங்க. நீங்களே பிரிச்சுப் பாருங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"ஐயோ, நானுங்களா?" என்றார் அந்த அம்மா. "புள்ளையக் கேட்டுச் சொல்றேனுங்க." வைத்துவிட்டார்.

கூரியர் வண்டி வந்தது, எங்கள் பெட்டி இல்லாமல் போனது. முதலாளி அறைக்குள் வந்தார்.

"ஆர்டர் போச்சா?"

"தெரியல முதலாளி. கோமதி நேர்ல வரச் சொல்லிச்சு. கேட்டுச் சொல்றேன்னாங்க."

"சார், நாம எதுக்கு வெப்சைட்டு போட்டோம்? கடைக்கு வர வேணாம், வூட்ல உக்காந்துக்கினே வாங்குங்கன்னு போட்டோம். இந்தம்மா கிளம்பி வாங்கன்னு சொல்லிட்டு நிக்குது!"

"வந்தா இட்லி நான் வாங்கித் தரேன் முதலாளி, அது உங்க கணக்குல வேணாம்" என்றார் கோமதி.

அதற்குப் பிறகு திருப்பூரிலிருந்து செய்தியே இல்லை. நான் வாட்ஸ்அப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். திங்கட்கிழமைதான் அழுத்த வேண்டிய பொத்தான்களைத் தினமும் அழுத்தினேன். ஒரு நாள் கோமதி லீவு போட்டார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அதற்குப் போயிருக்கிறார் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். போனில் பேச விட்டிருக்கக் கூடாதோ, முடியாது என்று நானே எழுதி முடித்திருக்கலாமோ என்று யோசித்தேன். நெருக்கடியில் எடுத்த முடிவு சரியா என்பது அன்றே தெரிவதில்லை. தெரியாத அந்த நாட்களில் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் பழகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்து விளக்குப் போடும் நேரத்தில், தாயும் மகளுமாக இரண்டு பேர் மட்டும் வந்து நின்றார்கள். நாத்தனார் வரவில்லை. வருவதற்கு மறுத்துவிட்டாராம். முதலாளி அவர்களைக் கீழே மெத்தையில் உட்கார வைத்து, புதுப் பெண்ணுக்குச் சாடை காட்டினார். மகள் சுற்றிலும் பார்த்தாள்.

"கோமதி அக்கா எங்கீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்த்தேன். கோமதி இறங்கி வந்தார்.

மாம்பழ நிறப் புடவையை அந்த அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுக் கோமதி கையைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

"பிரிங்கம்மா. கடிக்காது."

அந்த அம்மா ஒரு மடிப்பைப் பிரித்தார், பிறகு இன்னொன்றை. முந்தானை வந்ததும் கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. தையல் வேலை செய்கிற கை அல்லவா? கரையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்துக்குக் காட்டி, கரையும் உடம்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஏனுங்க அக்கா, இந்த எடத்துல ஒரு நூலு விட்டிருக்குதுங்களே?"

கோமதி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "சார், இங்க வந்து பாருங்க! இத்தினி பேர் கை பட்டுப் போனது, யாருக்கும் தெரியல. ஆள் வந்திருக்குது பாருங்க!"

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புடவையை ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்து, அதே நிறத்தில் வேறொன்றை எடுத்தார்கள். அந்த அம்மாவே மஞ்சள் வைத்தார், அந்த அம்மாவே மடித்தார். காமாட்சியம்மன் சந்நிதியில் வைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள்.

கிளம்பும்போது மகள் கேட்டாள். "இந்த வீடியோவ உங்க பேஜ்ல போடுவீங்களா?"

நான் அவள் அம்மாவைக் கேட்டேன். "மூஞ்சி வேண்டாமுங்க. கை போதும்" என்றார். கோமதியைக் கேட்டேன். "அதான சார் என் வழக்கமும்?" என்றார். கடைசியாக முதலாளியைக் கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"போடுங்க. ஆனா மேல போடாதீங்க. கீழ ஒரு ஓரமா போடுங்க."

"ஓரம்னு ஒண்ணு இல்ல முதலாளி. பக்கத்துல எது புதுசோ அதுதான் வெப்சைட்டு முகப்புல மேல வரும். அப்படித்தான் லிங்க் பண்ணி வெச்சிருக்குது."

"என்னா சார் லிங்க் பண்ணீங்க?" என்றார் சலிப்பாக. வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவையும் மகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, போடுங்க" என்றார்.

கீழே எழுத வேண்டிய வரிகளைக் கோமதி சொன்னார், நான் தட்டினேன். "கல்யாணப் பொண்ணோட அம்மாவும், கோமதி நானும். எங்க ரெண்டு பேருக்கும் வீட்டுக்காரர் இல்லை. கல்யாணம் ஆவணியில." அவ்வளவுதான். இதைவிட நல்ல விளம்பர வாசகம் எழுதக்கூடியவர்கள் உங்களில் இருப்பீர்கள். எழுதாமல் இருந்துவிடுங்கள்.

பக்கத்தைவிட்டு விலகிப் போனவர்களை எண்ணினேன். புதிதாக வந்தவர்களையும் எண்ணினேன். வந்தவர்கள் அதிகம். ஆனால் அதைக் காட்டி உங்களை நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை. குறைவாக இருந்திருந்தாலும் செய்திருக்க வேண்டியது அதுவேதான். கல்யாணக் கடையில் இப்படியெல்லாம் காட்டலாமா என்று ஒருவர் கடுமையாக எழுதினார். முதலாளி அதை அழிக்கச் சொன்னார். கோமதி என் கையிலிருந்து கைபேசியை வாங்கித் தானே பதில் போட்டார். "சரிங்க. எங்க கடையில வேற கையும் இருக்குது. வாங்க." அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுதவில்லை.

எல்லாம் அன்றே மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கோமதி மாடியில்தான் இருந்தார். யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் இறங்கி வருவார், முடிந்ததும் ஏறிப் போவார். உள்ளூர்க் குடும்பம் ஒன்று அவர் மெத்தையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிற்று. முதலாளி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கம்பெனியிலிருந்து கோமதிக்கு வேலைக்கு வரச் சொல்லிச் செய்தி வந்துவிட்டது என்றும், அவர் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

ஆடி முடியப்போகிற சமயம். ஒரு வேன் வந்து நின்றது. ஒரு குடும்பமே இறங்கியது. உள்ளே வந்தவர்களைப் பன்னிரண்டு வரை எண்ணினேன், பிறகு குழந்தைகள் ஓடியதால் கணக்கு விட்டுப்போயிற்று. அவர்களில் பெரியவராகத் தெரிந்த அம்மா, பூவும் பொட்டுமாக, கணவர் பக்கத்தில் நிற்க, கல்லாவுக்கு நேராக வந்தார்.

"வீடியோல வர்ற கோமதின்றது யாரு? எம் பொண்ணுக்கு முகூர்த்தம். அந்தம்மாதான் காட்டணும்."

முதலாளி எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, தானே கூப்பிட்டார். "கோமதி! கீழ வாம்மா. முகூர்த்தத்துக்கு வந்திருக்காங்க."

"தோ வரேன் முதலாளி" என்று மேலிருந்து குரல் வந்தது. "இங்க ஒரு ஆயா நைட்டி பாத்துக்கினு இருக்காங்க. முடிச்சிட்டு வரேன்."

ஆவணி முகூர்த்தக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் மேல் கீழே நிற்கிறார்கள், மேலே ஒரு நைட்டி. முதலாளி என்ன சொல்லப்போகிறாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தவர்களிடம், "உக்காருங்கம்மா, காபி சாப்பிடுங்க. வந்துடுவாங்க" என்றார். எல்லோரும் மெத்தையில் உட்கார்ந்தார்கள். பிறகு கடைப் பையன்கள் பக்கம் பார்த்து, "மேல அவங்க டிபன் பை இருக்கும்பா. யாராவது கீழ எடுத்துக்கினு வந்து பழைய எடத்துல வைங்க" என்றார்.

"என் பையை யாரும் தொடாதீங்க!" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. "நானே எடுத்துக்கினு வரேன்!"